கோவையிலிருந்து பெங்களூரு: கூடுதல் 25,000 எங்கே போகும்?

கேள்வி: கோவையில் மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது, வாடகை 12,000. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் 85,000 தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே பார்த்த வீட்டுக்கு வாடகை 28,000, மெயின்டனன்ஸ் 3,000, அட்வான்ஸ் 1,50,000. மனைவி, ஒன்றாம் வகுப்புப் பையன். போகலாமா?

பதில்: முதலில், அந்த 85,000 உண்மையிலேயே கைக்கு வருவதுதானா என்று கேளுங்கள். சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை, 12ஆல் வகுத்துச் சொல்லியிருந்தால், கம்பெனி கட்டும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே இருக்கும்.

அரிசி, பருப்பு விலையை ஊருக்கு ஊர் ஒப்பிட்டு மெனக்கெட வேண்டாம். உங்கள் கணக்கு வீட்டில்தான் இருக்கிறது. 31,000 கொடுத்தால் இப்போதைவிட 19,000 அதிகம், மிச்சம் 6,000. அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. அதை 7 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் மாதம் 875 வந்திருக்கும். அப்புறம், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம். இரண்டு வருடம் இருந்தால் அது மாதம் 1,167. ஆக, கையில் நிற்பது நாலாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஸ்கூல் ஃபீஸ் வித்தியாசம், தீபாவளிக்கு மூன்று பேருக்கு ஆம்னி பஸ் டிக்கெட் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எனக்கு நம்பிக்கையில்லை.

கார் இருந்தால் இன்னொரு செலவு. கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். உங்கள் மனைவிக்கும் டவுன் பஸ்ஸில் இப்போதுபோல இலவசப் பயணம் கிடைக்காது. கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவச பஸ் பயணம் தரும் சக்தி திட்டத்துக்கு அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். வீட்டுக்காரரிடம் காவிரித் தண்ணீர் வருகிறதா, டேங்கரா என்று கேளுங்கள். டேங்கர் என்றால் அந்தக் காசு 3,000 மெயின்டனன்ஸில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். தொழில் வரியை விட்டுவிடுங்கள், எந்த ஊரிலும் வருடத்துக்கு 2,500ஐத் தாண்டாது.

ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில் என்பதால், நானாக இருந்தால் ஓசூரில் வீடு பார்ப்பேன். சுமார் 20 கிலோமீட்டர்தான். வாடகை குறையும், காரின் பதிவு மாறாது, பையனும் தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே படிப்பான். பதிலுக்கு அத்திப்பள்ளி டோலும் காலை நெரிசலும் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூரிலிருந்து ஆபீஸ் வாசல்வரை போய்ப் பாருங்கள். அட்வான்ஸை அதற்கப்புறம் கொடுக்கலாம்.