அலுவலக மெயிலில் எல்லோருக்கும் பொதுவான காலண்டர் வைப்பது எப்படி?

கேட்டவர் அலுவலகத்தில் இருபது பேர். எல்லோருக்கும் கம்பெனி பெயரில் கூகுள் மெயில். யார் லீவு, எப்போது மீட்டிங், எந்த நாளில் சரக்கு வருகிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமாம். புதுச்சேரியில் தலைமை அலுவலகமும் கடலூரில் கிளையும் உள்ள கம்பெனியில் இதைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

காலண்டரை உருவாக்குவது இரண்டு நிமிட வேலை. கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி இருக்கும், அங்கே புதுக் காலண்டர். ஆனால் யாருடைய கணக்கிலிருந்து உருவாக்குகிறீர்கள் என்று யோசியுங்கள். மேனேஜர் கணக்கில் தொடங்கி, அவர் வேலையை விட்டுப் போனதும் அட்மின் அந்தக் கணக்கை அழித்தால் காலண்டரும் சேர்ந்து போகலாம். அலுவலகத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கு வைத்து அதில் உருவாக்குங்கள். லைசென்ஸ் செலவு ஒன்று கூடும், பரவாயில்லை.

அடுத்து ஷேர் செய்வது. இருபது பேரையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டாம். இரண்டு குரூப் மெயில் (பலர் சேர்ந்த ஒரே மெயில் முகவரி) போதும்: எல்லோரும் உள்ள குரூப்புக்குப் பார்க்கும் உரிமை, மூன்று நான்கு பேர் உள்ள குரூப்புக்கு மாற்றும் உரிமை. எல்லோருக்கும் மாற்றும் உரிமை கொடுத்தால், தன் திரையிலிருந்து மட்டும் நீக்குவதாக நினைத்து யாராவது மீட்டிங்கை எல்லோருக்குமே அழித்துவிடுவார். அப்புறம் "சார், நான் ஒண்ணுமே பண்ணலையே" என்பார், அதுவும் உண்மையாகவே இருக்கும்!

குரூப்பில் சேர்த்தவுடன் காலண்டர் தானாகத் திரையில் வந்துவிடாது. ஷேர் செய்ததும் மெயிலில் வரும் இணைப்பை ஒவ்வொருவரும் அழுத்த வேண்டும். பிறகு வேலைக்குச் சேர்பவருக்கு அந்த மெயிலும் வராது. உரிமை இருக்கும், காலண்டர் கண்ணில் படாது. புதியவர் வந்த அன்றே இணைப்பை அனுப்பிவிடுங்கள்.

விடுமுறைக்குத் தனிக் காலண்டர் வைப்பது நல்லது. எங்களுக்கு ஒன்று போதவில்லை, இரண்டு வைத்திருக்கிறோம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 பிரெஞ்சுப் பகுதிகள் 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். இரண்டுக்கும் இங்கே அரசு விடுமுறை, ஆற்றைத் தாண்டினால் கடலூரில் வழக்கம்போல் வேலை. சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கு அங்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். இதையெல்லாம் கூகுளின் இந்திய விடுமுறைப் பட்டியலை நம்பி விடாதீர்கள். கலெக்டர் அறிவிப்பு வந்ததும் நாமே போட வேண்டியதுதான்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் 365 குரூப்போடு காலண்டரும் சேர்ந்தே வரும், ஆனால் உறுப்பினர் எல்லோரும் அதில் எழுதலாம். சிலர் மட்டும் எழுத வேண்டுமென்றால் ஷேர்டு மெயில்பாக்ஸ் (பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது மெயில் பெட்டி) ஒன்று உருவாக்கி அதன் காலண்டரைப் பகிருங்கள். 50 ஜிபிக்குள் இருந்தால் அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை.

கூகுளில் நினைவூட்டல் அவரவர் செட்டிங். நீங்கள் பொதுக் காலண்டரில் பத்து நிமிடம் முன்பு என்று வைத்தால் உங்கள் போன்தான் ஒலிக்கும். மற்றவர்கள் அவரவர் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரமே ஒவ்வொருவரிடமும் போய் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.