மேடையில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்க டியூப் ஆம்ப் கட்டாயமா, ப்ராசஸரே போதுமா?

"ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்திருக்கிறேன், டியூப் ஆம்ப் இல்லாமல் மேடையில் டோன் வராது என்கிறார்கள், கடன் வாங்கியாவது வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம் தம்பி. வால்வு வைத்த அந்த டியூப் ஆம்ப் தேவையில்லை, ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் சத்தத்தையெல்லாம் டிஜிட்டலாக உருவாக்கும் ப்ராசஸரே போதும். உங்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவர் கச்சேரிக்குக் கிளம்பும் வண்டியில் ஏறியதே இல்லை என்று நினைக்கிறேன்.

நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் லீட் கிடார் வாசித்துப் பிழைப்பவன். கோயில் திருவிழா, ரிசப்ஷன், கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்க இரண்டு மணி நேரம், எல்லாம் உண்டு. ஆகவே இது பந்தலில் நிற்பவனின் பதில். சென்னையில் பேண்ட் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டியூப் ஆம்பை நான் மட்டம் தட்டவில்லை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் வாசித்தவனுக்குத் தெரியும், விரலை மெதுவாக வைத்தால் ஒன்று, அழுத்தி வைத்தால் வேறொன்று என்று அது எப்படிப் பேசும் என்பது. ஆனால் அது 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 29 கிலோ. எங்கள் வேனில் ட்ரம்ஸ், தபேலா, கீபோர்டு ஸ்டாண்டு, பாடகிகளின் சேலைப் பெட்டி எல்லாம் போக என் கிடாரையே மடியில் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

எடையை விடுங்கள். உங்கள் ஆம்ப் சத்தம் கூட்டத்துக்குப் போய்ச் சேரவே சேராது. கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் கேட்பது சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டிய பாக்ஸில் வருவதை மட்டும்தான். ஆம்பைச் சத்தமாக வைத்தால் பாடகர் மைக்கில் கிடார் ஏறும், அவர் பல்லவிக்கு நடுவே திரும்பி முறைப்பார். கம்மியாக வைத்தால் எதற்காக அதை வாங்கினீர்களோ அந்தச் சூடே வராது. மிக்ஸருக்குப் போகும் ஒற்றை ஒயரில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் டோன். அந்த ஒயருக்குள் போவதற்கு, அதாவது ப்ராசஸருக்கு, செலவு செய்யுங்கள்.

கிடார் விஷயத்தில் எனக்குப் பாடம் நடந்தது சிவகங்கைப் பக்கம் ஒரு முளைப்பாரித் திருவிழாவில். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைக் கம்பிச்சுருள்) போட்ட ஸ்ட்ராட் மாடல் கிடார். மேடைக்கு இடது பக்கம் சீரியல் செட் போர்டு, பின்னால் ஜெனரேட்டர். சவுண்ட் அண்ணன் ஃபேடரை ஏற்றினார், "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஊர் முழுக்கப் போனது. "தம்பி, லைன்ல இரையுது, என்னன்னு பாரு" என்றார். ஒயரில் ஒன்றுமில்லை. பிக்கப் காயில்தான் பக்கத்து மின்சாரத்தை ஏரியல் மாதிரி இழுக்கிறது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் இரைச்சல் அப்படியே அடங்கியது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ட்ரம்ஸைப் பார்த்து நிற்கிற கோணம். மூன்று மணி நேரமும் அப்படியே நின்று வாசித்தேன். முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் எங்கள் குழுத் தலைவரிடம் வந்து, "கிடார் தம்பி ஏன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பியே நின்னாப்ல? சாப்பாடு எதுவும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

அந்த வருஷமே பிரிட்ஜ் பக்கம், அதாவது தந்திகள் கிடார் உடம்பில் முடியும் பக்கம், ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் மாற்றிவிட்டேன். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி இரைச்சலைத் தட்டிவிடும் அந்த வித்தையை 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் செய்து வைத்தார். அவருக்கு நம் ஊர் சீரியல் செட் தெரியாது, ஆனால் எனக்கு அவர் குலதெய்வம். கழுத்துப் பக்கம் மட்டும் சிங்கிள் காயிலை விட்டு வைத்திருக்கிறேன், எண்பதுகளின் ராஜா சார் பாட்டு மெலடி பிட்டுக்கு அந்தத் தெளிவு வேண்டும்.

ப்ராசஸரில் எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். ஹெலிக்ஸ், குவாட் கார்ட்டெக்ஸ், பாஸ், ஸூம் எதுவானாலும் சரி, கேபினெட் சிமுலேஷன், அதாவது கிடார் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்யும் வசதி, இருக்க வேண்டும். கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் தராது. சவுண்ட் சர்வீஸ் பாக்ஸில் கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கும் ட்வீட்டரோ அதற்கு மேலே உள்ள குப்பையை எல்லாம் கொட்டும். கரகரப்பு கூட்டும் டிஸ்டார்ஷன் பெடலை நேரே மிக்ஸரில் செருகினால் காதைக் கிழிப்பது இதனால்தான். கேபினெட்டுக்குப் பிறகும் நான் 5,500க்கு மேலே வெட்டுகிறேன், கீழே 100 ஹெர்ட்ஸில் வெட்டுகிறேன். கிடாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான், அந்த அடித்தளத்தை பேஸ் கிடாருக்கும் கிக் ட்ரம்முக்கும் விட்டுவிடுங்கள், அவர்களும் பிழைக்க வேண்டும்.

வீட்டில் ராத்திரி ஹெட்ஃபோனில் பேட்ச் (ப்ராசஸரில் சேமித்து வைக்கும் டோன் செட்டிங்) போடாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து சொன்ன விஷயம். அதனால் அங்கே ஈடுகட்ட இரண்டையும் ஏற்றி, மிட் என்கிற நடு ஒலியை இறக்கி வைப்போம். மேடைச் சத்தத்தில் அதுவே கீழே கொழகொழ, மேலே கீச்சு, நடுவில் கிடாரைக் காணோம். சோலோவுக்கு கெயின் கூட்டிக் கரகரப்பை ஏற்றுவதை விட, ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் (கரகரப்பு) குறைத்து, லெவல் (சத்தம்) கூட்டிப் போடுங்கள். அது அதிகம் தூக்கிக் கொடுக்கும் பகுதி 700 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால் கீபோர்டு ஸ்ட்ரிங்ஸைத் தாண்டி வரும். அவுட்புட்டை மோனோ (ஒரே லைன்) ஆக்குங்கள். ஸ்டீரியோ டிலே (எதிரொலி) அழகுதான், ஆனால் சவுண்ட் அண்ணன் லெஃப்டை மட்டும் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் ப்ராசஸர் அணைந்து மறுபடி எழும்பும் வரை நீங்கள் மேடையில் சும்மா நிற்கும் மனிதர். கீபோர்டுக்காரரின் யுபிஎஸ்ஸில் ஒரு சாக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் முனகுவார், பரவாயில்லை. இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குவார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில், சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிடாரிஸ்ட் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். நான் கோரஸ் பாடும் முன் மைக் தலையில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இவ்வளவும் சரியாக வைத்தாலும் சோலோ வாசிக்க விடுவார்களா என்பது வேறு கதை. நோட்டீஸில் 7 மணி இன்னிசை என்று போட்டிருப்பார்கள். எட்டே கால் வரை பொன்னாடை. முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர், பந்தல் போட்டவர், பந்தல் போட்டவரின் மச்சான். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருப்பதால் போலீஸ்காரர் ஒன்பதே முக்காலுக்கே வந்து நிற்பார். உடனே கமிட்டி ஆள் மேடை ஓரம் வந்து, "கிடார் வர்ற பாட்ட வெட்டிட்டு ஒரு குத்து போடுங்கப்பா" என்பார். பொன்னாடையை வெட்டச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பேனரில் பாடகர்கள் படம் ஆளுயரம், வாசிக்கிற நாங்கள் "மற்றும் குழுவினர்".

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட் கம்மி என்றால் பழைய ப்ராசஸர் பாருங்கள், தப்பில்லை. வாங்கும்போது ஒவ்வொரு கால் சுவிட்சையும் செருப்புக் காலோடு மிதித்துப் பாருங்கள், இரண்டு முறை மிதித்தால்தான் விழுகிறது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்எல்ஆர் அவுட் (மைக் ஒயர் மாதிரி மூன்று முள் சாக்கெட்) இல்லாத மாடலானால் டிஐ பாக்ஸுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். அடாப்டர் அதோடு வந்ததுதானா என்றும் கேளுங்கள், வோல்ட் ஒன்றாக இருந்தாலும் ஆம்பியர் குறைந்த அடாப்டரை மாட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.