கூம்புகளுக்கு நடுவே: டயர் கேள்வி-பதில்

ஆட்டோகிராஸ் (மைதானத்தில் கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து ஓடி நேரம் பார்க்கும் கார் போட்டி) ஓட்ட எந்த டயர் நல்லது? (ஓமலூர் வாசகர்)

எந்தக் காருக்கு? ஓடப்போவது மண் தரையிலா, சிமெண்ட் தரையிலா? ஆண்டுக்கு இரண்டு முறையா, மாதம் இரண்டு முறையா? மருந்துக் கடையில் போய் நின்று "மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் கேட்பீர்களா? டயரின் பக்கவாட்டில் 165/80 R14 85T என்பதுபோல் ஒரு வரி இருக்கும்: அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம்மின் (சக்கர வளையத்தின்) விட்டம் 14 அங்குலம், 85 சுமை எண், T வேகக் குறி. அதையும், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத் தேதி எண்ணையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட், 165/80 R14. அகலமாக 205 போட்டால் வளைவில் பிடிப்பு கூடும் என்கிறார் நண்பர். (அம்மாப்பேட்டை வாசகர்)

அளவை எழுதியதற்கு நன்றி. உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. 5 அங்குல அகல ரிம்மில் 205 டயரை மாட்டினால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் டயர் வளையும், அப்புறம்தான் கார் திரும்பும். கூம்புகளுக்கு நடுவே அந்தத் தாமதம் போதும், நேரம் போய்விடும்.

அதே ரிம்மில் 185/70 R14 போடுங்கள். உங்கள் டயரின் உயரம் ஏறக்குறைய 620 மி.மீ., இதன் உயரம் 615. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 185/65 என்றால் உயரம் 596 ஆகிவிடும். எடுப்பு கொஞ்சம் கூடும், ஆனால் கார் 12 மி.மீ. தாழும், நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எதைப் போட்டாலும் சுமை எண் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார். முன்னால் மட்டும் புதிது போடலாமா? (சூரமங்கலம் வாசகர்)

கூடாது. முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கினால் கார் சுழலும். மைதானத்தில் சுழன்றால் நண்பர்கள் கைதட்டுவார்கள். மழை நாளில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது சுழன்றால் கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால்தான் போக வேண்டும். நான்கும் ஒரே வகையாக வாங்கும் வரை போட்டியைத் தள்ளிப் போடுங்கள்.

டிரெட்வேர் எண் (டயரின் தேய்மானத்தைக் காட்டும் எண்) குறைவாக இருந்தால் நல்லதா?

எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே சோதித்துக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான். ஆண்டுக்கு நான்கு ஞாயிறு ஓட்டுகிறவருக்குப் பந்தய டயர் வீண் செலவு. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். பந்தய டயர் சூடேறுவதற்குள் சுற்று முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் தேய்ந்த லாரி டயரின் பள்ளத்தைச் சூட்டுக் கத்தியால் ஆழமாக வெட்டி மறுபடி ஓட்டுகிறார்கள். அதேபோல் வெட்டிய கார் டயர் நான்கு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஆட்டோகிராஸுக்கு மட்டும் வாங்கலாமா? (சங்ககிரி வாசகர்)

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கோபப்படாமல் பதில் எழுத முயல்கிறேன்.

லாரி டயரில் பள்ளத்துக்கு அடியிலும் கனமான ரப்பர் உண்டு. வெட்டலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் அந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கார் டயரில் பள்ளத்துக்கு அடியில் ஓரிரு மில்லிமீட்டர் ரப்பர்தான், அதற்குக் கீழே எஃகுக் கம்பி. அதில் சூட்டுக் கத்தியை ஓட்டினால் புதிதாக ரப்பர் முளைக்காது. கம்பியைப் பாதுகாக்க இருந்ததும் போய்விடும்.

20 ஆண்டுகளுக்கு முன் நானும் ஏமாந்தேன். கறுப்பு மெருகு பூசி, புது டயர் மாதிரியே பளபளத்தது. சிமெண்ட் தரையில் மூன்றாவது சுற்று. கூம்புகளுக்கிடையே இடமும் வலமும் வெட்டித் திருப்பும்போது 'தடதட' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் மேல்தோல் ஒரு முழ நீளத்துக்கு மாம்பழத் தோல்போல் உரிந்து தொங்குகிறது. உள்ளே கம்பியெல்லாம் துரு. சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் மறைப்பு கிழிந்து பின்னால் கிடந்தது. விற்றவரிடம் போனேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்றார். அன்று அந்த டயருடன் மலை இறங்கியிருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (தேய்மான அளவுக் குறி) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராக உள்ளே பாருங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே 1.6 மி.மீ. உயரத்தில் ஒரு மேடு இருக்க வேண்டும். மேடு இல்லையென்றால் கத்தி அந்த வழியாகப் போயிருக்கிறது. விரலை விட்டுத் தடவுங்கள். அச்சில் வார்த்த பள்ளம் வழவழப்பாக, அடி உருண்டு இருக்கும். வெட்டிய பள்ளத்தின் விளிம்பு கூராக, லேசாக நெளிந்து போகும்.

அடுத்து தேதி. தேதியைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! நீள்வட்டத்துக்குள் 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பெரும்பாலும் இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டு "தேதி அழிந்துவிட்டது சார்" என்பார்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்து ஆண்டு தாண்டிய டயர் போட்டிக்கு வேண்டாம். சேலத்து வெயிலில் நின்ற ரப்பர் இறுகிவிடும். கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து தடம் மெல்ல மறையும், இறுகியதில் நகம்தான் வலிக்கும்.

14 அங்குலத்தில் சாதாரணப் புது டயர் ஒன்று சுமார் 4,000 முதல் 5,000 ரூபாய். பெயர் பெற்ற பழையதைவிட, பெயரில்லாத புதியது மேல்.

நைட்ரஜன் அடித்தால் நேரம் குறையுமா?

குறையாது. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சேலத்தில் காற்று அடித்துவிட்டு மேலே வந்தால் அளவு மாறுமா? (ஏற்காடு வாசகர்)

நல்ல கேள்வி. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் (காற்றழுத்த மானி) ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். மேலே குளிர் என்பதால் டயருக்குள் ஏறக்குறைய அதே அளவு குறையும். கணக்கு நேராகிவிடும். ஆனால் ஏறி வந்த சூட்டோடு பார்க்காதீர்கள். டயர் ஆறிய பிறகு பார்ப்பதுதான் அளவு.

போட்டிக்கு எவ்வளவு காற்று வைப்பது?

கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட முன்னால் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை கூட்டித் தொடங்குங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். அந்த முக்கோணக் குறியைத் தாண்டியும் சாக்பீஸ் அழிந்திருந்தால் டயர் மடிந்து ஓடியிருக்கிறது, இன்னும் 2 கூட்டுங்கள். ஓரத்தில் கோடு அப்படியே இருந்தால் 2 குறையுங்கள். இரண்டு, மூன்று சுற்று ஓடியதும் டயர் சூடாகித் தானே 3, 4 ஏறும்; அதைப் பார்த்து இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மறந்துவிடுவீர்கள், அதனால் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

மழைக்குப் பிறகு செம்மண் மைதானத்தில் என்ன செய்வது? (ஆத்தூர் வாசகர்)

அகலம் இங்கே எதிரி. கம்பெனி கொடுத்த ஒல்லி டயரே மண்ணைக் கீறிப் பிடிக்கும். இடைவெளி விட்டுத் தனித்தனிக் கட்டையாக இருக்கும் டிரெட் (தரையில் படும் ரப்பர் பரப்பு) நல்லது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பள்ளத்தில் அடைந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுங்கள்.

புது டயர் போட்ட மறுநாளே போட்டிக்குப் போகலாமா?

வேண்டாம். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய பூச்சு போகும் வரை வழுக்கும். 200 கிலோமீட்டராவது அமைதியாக ஓட்டுங்கள்.

மைதானம் கிடைப்பதில்லை. விடியற்காலையில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பயிற்சி எடுத்தால் எந்த டயர் பொருந்தும்? (பெயர் வேண்டாம்)

எந்த டயரும் பொருந்தாது. எதிரே முதல் பஸ் வந்துகொண்டிருக்கும்.