ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள்

கேள்வி: தேய்க்கும்போது ரத்தம் வருவதால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறேன். சரிதானே?

இல்லை. ஈறோரம் படிந்த கிருமிப் படலத்தால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது, தேய்க்காமல் விட்டால் அந்தப் படலம் இன்னும் கூடி, சில நாளிலேயே இறுகிக் கல் போன்ற காரையாக மாற ஆரம்பிக்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரமாக 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். பல்லிடுக்கையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். இரண்டு வாரமாகியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: ஸ்கேலிங் செய்தால், அதாவது காரையைச் சுரண்டி எடுத்தால், பல் ஆடிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தாலேயே பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை இழக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பல்லை ஆட்டுவது ஸ்கேலிங் இல்லை, பல்லைத் தாங்கும் எலும்பின் தேய்மானம். அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும், காரை சுற்றி அடைத்துக்கொண்டிருந்ததால் தெரிந்திருக்காது, எடுத்ததும் தெரிகிறது, அவ்வளவுதான். வீக்கம் வற்றுவதால் இடைவெளி தெரியும், கொஞ்ச நாள் பல் கூசும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் என்று டாக்டரிடம் கேளுங்கள். 3 வரை பொதுவாகப் பயமில்லை. 5, 6 என்றால் மேலோட்டமாக எடுத்தால் போதாது, ஈறை மரத்துப்போகச் செய்து வேர் வரை சுத்தம் செய்யவேண்டும், அப்புறம் பள்ளம் குறைந்ததா என்று சில வாரம் கழித்து மறுபடி அளக்கவேண்டும். போன எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

கேள்வி: ஆன்டிபயாடிக் மட்டும் போட்டால் போதாதா?

போதாது. எந்த மாத்திரையும் காரையைக் கரைக்காது.

கேள்வி: சிகரெட் பிடிப்பேன், ஆனால் ரத்தமே வருவதில்லை. ஈறு நன்றாகத்தானே இருக்கிறது?

அப்படி நம்பிவிடாதீர்கள். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து நோயை மறைத்துவிடும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். ஒருமுறை பள்ளத்தை அளந்து எக்ஸ்ரே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்கும் ஈறுக்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டு பக்கமும் உண்டு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஓரளவு இறங்குவதையும் பார்க்கிறோம். அதனால் பல் டாக்டரிடம் போகும்போது அந்த ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும், ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் பல்லில் பழுப்புக் கறை. பயப்படவேண்டுமா?

வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது தினசரி உபயோகத்துக்கானது இல்லை.