டொரண்டோவிலிருந்து சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர்? விமானத்தில் எத்தனை மணி நேரம்?

சுமார் 13,400 கிலோமீட்டர். தயவுசெய்து இதை விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று 900-ஆல் வகுத்து '15 மணி நேரம்' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஊரில் யாரோ கேட்டுத்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் சித்தப்பா அப்படித்தான் வகுத்தார்.

அந்த 13,400, கிரீன்லாந்துக்கு மேலே போகும் குறுக்குவழி. உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக என்றால் 11,100 கிலோமீட்டரும் 2,900 கிலோமீட்டரும். பறப்பதற்கே 17 மணி நேரம், காத்திருப்பது தனி. ஊரிலிருந்து திரும்பும்போது எதிர்காற்றில் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரு ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, அப்பத்தா தவறிவிட்டது. எனக்கு அப்போது இங்கே ராத்திரி 2 மணி. அன்று மதியம் 3 மணி விமானத்தில் இடம் கிடைத்தது. வேறு வழியில் சீக்கிரம் போயிருக்கலாமே என்று சிலர் சொல்வீர்கள். அந்த நேரத்தில் கிடைத்த டிக்கெட்டைத்தான் போட முடியும். சித்தப்பா போனில் தூரத்தைப் பார்த்து, 15 மணி நேரம், காரைக்குடிக்குக் கார் 7 மணி நேரம் என்று கூட்டி, "வியாழன் காலை 9 மணிக்கு எடுக்கிறோம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

இங்கே பனி. விமானத்தை ஓரமாக நிறுத்தி, இறக்கையில் பனியை உருக்கும் ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலில் அது வழிவதைப் பார்த்தபடி 2 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். துபாயில் அடுத்த விமானம் போய்விட்டது. அங்கே 12 மணி நேரம். சென்னையில் இறங்கும்போது வியாழன் காலை 8 தாண்டிவிட்டது.

அப்புறம் ரோடு. டிரைவர் தம்பியின் ஃபாஸ்டேக்கில் காசில்லை. முதல் டோல்கேட்டிலேயே இரண்டு மடங்கு கட்டினோம். சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் எத்தனை டோல்கேட்! காசையும் கட்டிவிட்டு வரிசையிலும் நிற்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

பெரம்பலூர் தாண்டும்போது போன் வந்தது. மணி 1. அதற்கு மேல் ஐஸ் பெட்டியில் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் நான்தான். எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் பிடித்தான். அவனுக்கு ஒன்பது வயது.

வீட்டுக்குப் போனபோது நாலரை. கழுவிவிட்ட வாசல் காய்ந்திருந்தது. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஈரத் துண்டோடு எழுந்து வந்தார். திட்டவெல்லாம் இல்லை.

"15 மணி நேரம்னுதானேப்பா வந்துச்சு" என்றார்.