நாணயத் தரச்சான்றுக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். என்னிடம் பழைய அமெரிக்க நாணயங்களான மோர்கன் வெள்ளி டாலர்கள் 14 இருக்கின்றன. ஒன்று 1893-எஸ் (‘எஸ்’ என்பது சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி). நாணயம் அசலா என்று பார்த்து, தர எண் போட்டு, உறையில் மூடித் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டினால் நிதானமாகப் பார்ப்பார்கள், தவறு குறையும் என்று சில சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சரிதானா? எல்லாவற்றையும் அனுப்பலாமா?

பதில்: எல்லா நாணயத்துக்கும் ஒரே சீராகக் கட்டணத்தைக் கூட்டினால் தவறு குறையும் என்று நாங்கள் நம்பவில்லை. அனுப்பியவர் யார் என்று தெரியாமல் நிபுணர்கள் தனித்தனியே பார்த்து, 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் தரம் குறிக்கிறார்கள். கருத்து மாறுபட்டால் இன்னொருவர் முடிவு செய்கிறார். 1881-எஸ் போலத் தாராளமாகக் கிடைக்கும் மோர்கனுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கூடுதலாக 20 டாலர் கொடுத்து 5 நிமிடம் பார்க்கச் சொன்னாலும், 64-க்கும் 65-க்கும் இடையில் நிற்கும் நாணயம் இடையில்தான் நிற்கும்.

1893-எஸ் அப்படியில்லை. சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது 1,00,000 மட்டுமே. புழக்கத்துக்கு அடித்த மோர்கன்களில் இதுதான் மிகக் குறைவு. அதனால் கள்ளவேலையும் அதிகம். பிலடெல்பியாவில் அடித்த 1893 நாணயத்தில் ‘எஸ்’ குறியை ஒட்டுவார்கள்; 1898-எஸ் நாணயத்தின் கடைசி 8-ஐ 3 ஆகச் செதுக்குவார்கள். 10 மடங்கு லென்ஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லிலுள்ள ‘டி’ எழுத்தின் உச்சி. அசலில் அங்கே சாய்வாக ஒரு மெல்லிய அச்சுக்கோடு தெரியும். அது இருந்தாலும் நிபுணர் பார்த்தே ஆக வேண்டும்.

இதற்கு அதிகக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். நீங்கள் வாங்குவது உத்தரவாதம். போலி என்றோ, தரத்தைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்றோ பின்னால் தெரிந்தால் நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு நாணயத்தின் விலையோடு வளர்வதால் விலைக்கேற்ற கட்டண வகுப்புகள் நியாயமே. எங்களுக்கு உடன்பாடில்லாதது, மிக விலையுயர்ந்த நாணயங்களுக்கு நிலையான கட்டணத்தோடு மதிப்பில் 1 விழுக்காடும் சேர்த்து வாங்கும் முறை. தரம் ஏறினால் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் கட்டணமும் ஏறும். தரம் சொல்கிறவரின் வருமானம் அவர் சொல்லும் தரத்தோடு சேர்ந்து ஏறக் கூடாது. முழுத் தொகையையும் நாணயத்தைப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மீதி 13 நாணயங்களுக்குக் கணக்குப் போடுங்கள். தரக் கட்டணம் மட்டும் செலவல்ல. நேரடியாக அனுப்ப உறுப்பினர் சந்தா, ஒவ்வொரு பொதிக்கும் கையாளும் கட்டணம், போகவரத் தபால், காப்பீடு எல்லாம் உண்டு. அத்தனையும் வகுத்தால் நாணயத்துக்கு 50 டாலர் வருகிறதென்று வையுங்கள். சும்மா விற்றால் 90, சான்றோடு விற்றால் 130 என்றால் கைக்காசு 10 டாலர் போகும். கட்டணம் இன்னும் கூடினால் இப்படிச் சான்றில்லாமல் ஒதுங்கும் நாணயங்கள் பெருகும். போலிக்காரர்களுக்கு அதுவே வசதி.

அனுப்புமுன் ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத அசல் மேற்பரப்பில் ஒளிப்பட்டை சக்கரம்போலச் சுற்றும். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் யாரோ துலக்கியிருக்கிறார்கள்; அதற்கு எண் தராமல் ‘டீடெயில்ஸ்’ என்று மட்டும் போடுவார்கள், கட்டணமோ திரும்ப வராது. நீங்களாக எதையும் துலக்க வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் மைலார் (பாலியெஸ்டர்) உறையில் வையுங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதினால், பொதி தொலையும்போது காப்பீடும் குறைந்துபோகும்.

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். 1835 கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயும், ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாயும் வைத்திருக்கிறேன். அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்கலாமா?

பதில்: 1835 ரூபாயை அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சான்று வாங்கித் திரும்பக் கொண்டுவரத்தான் என்று நீங்களாக அனுப்பிவிட முடியாது.

1939-க்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அது மிக அரியது, போலியும் மலிந்தது. கட்டணம் கட்டுமுன் வீட்டிலேயே சோதியுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் 11.66 கிராம் இருக்க வேண்டும். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். சுமார் 1.13 கிராம் காட்டினால் (11.66-ஐ 1.13-ஆல் வகுத்து) அடர்த்தி 10.3, 91.7 விழுக்காடு வெள்ளிக்குப் பொருந்தும். 1.22-ஐ ஒட்டி வந்தால் அது 1940-லிருந்து வந்த பாதி வெள்ளிக் கலவையாக இருக்கலாம், ஆண்டை மாற்றியிருக்கிறார்கள். 1938 ரூபாயின் 8-ஐ 9 ஆக்கியிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. கடைசி எண்ணைச் சுற்றி லென்ஸில் சுரண்டல் தடம் தேடுங்கள்.

கேள்வி: சான்று உறையோடு இணையத்தில் விற்கும் நாணயத்தை நம்பலாமா?

பதில்: உறையையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது போதாது, போலிக்காரர்கள் உண்மையான எண்ணையே நகலெடுப்பார்கள். அங்கே படம் இருந்தால் நாணயத்திலுள்ள முகத்தின் கன்னக் கீறல், நிறமாற்றம் இரண்டையும் விற்பவர் காட்டும் படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பணம் அனுப்பாதீர்கள்.