வாசகர் கேள்விகள்: ரயில் வந்த ஊரும் வராத ஊரும்

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ரயில் வந்ததும் ஒரே ராத்திரியில் ஊர்கள் முளைத்தன என்கிறார்களே, நிஜமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: ராத்திரி என்பது மிகை. நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷையென் நகரம் 1867 ஜூலையில் வெறும் புல்வெளி. கிழக்கிலிருந்து மேற்கே கண்டம் தாண்டும் பெரிய பாதையைப் போட்டுக்கொண்டிருந்த யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைமை இன்ஜினீயர் கிரென்வில் டாட்ஜ் வந்து இடம் பார்த்து, தெரு பிரித்து, மனை அளந்தார். தண்டவாளம் அங்கே எட்டியது நவம்பர் 13 அன்றுதான். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து கூடாரம் அடித்து, பலகை வீடு கட்டி, சூதாட்டக் கூடமும் திறந்தாயிற்று (சாராயக் கடைகளைக் கேட்கவே வேண்டாம், அவை ரயிலுக்கு என்றைக்குக் காத்திருந்தன?). கம்பெனி 150 டாலருக்கு விற்ற மனை சீக்கிரமே ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

வந்தவர்களில் பலர் ஏற்கெனவே இப்படி ஒரு ஊரைப் பார்த்தவர்கள். அதற்கு முன் தண்டவாளம் முடிந்த இடம் ஜூல்ஸ்பர்க். பாதை மேற்கே நகர்ந்ததும் அங்கிருந்தவர்கள் வீட்டுப் பலகை, கூடாரத் துணி, மேசை, நாற்காலி என்று சகலத்தையும் கழற்றிச் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு ஷையெனில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்த ஒரு ரயிலின் கார்டு, "ஐயா, ஜூல்ஸ்பர்க் வந்தாச்சு!" என்று கூவினார் என்றொரு கதை உண்டு.

கேள்வி: அந்த நிலத்தை விற்க ரயில் கம்பெனி யார்? (வாசகி, ஈரோடு)

பதில்: அரசாங்கம் சும்மா கொடுத்தது. 1862-இல் கொண்டுவந்த ரயில் பாதைச் சட்டத்தில் பாதை போடும் ஒவ்வொரு மைலுக்கும் 10 சதுர மைல் நிலம். அது போதாது என்று 1864-இல் இரட்டிப்பாக்கினார்கள். சரி, அரசாங்கத்துக்கு அது எப்படி வந்தது? 1851 ஒப்பந்தத்தில் அந்த வட்டாரம் ஷையென், அரப்பஹோ என்ற பூர்வகுடி மக்களுடையது என்று அரசே எழுதிக் கொடுத்திருந்தது. 1867 அக்டோபரில், அதாவது ரயில் வருவதற்கு முந்தின மாதம், மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் போட்டுத் தென்பகுதி ஷையென் மக்களை இன்றைய ஓக்லஹோமா பக்கம் போகச் சொன்னார்கள். ஊருக்குப் பெயர் மட்டும் அவர்களுடையது.

கேள்வி: ரயில் வந்த ஊரெல்லாம் பிழைத்ததா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: எங்கே பிழைத்தது! அதே பாதையில் ஷையெனுக்கு மேற்கே பென்டன் என்று ஒரு ஊர். 1868 கோடையில் முளைத்தது, மூவாயிரம் பேர் இருந்தார்கள். கணுக்கால் புதையும் வெள்ளை உவர்ப் புழுதி. குடிக்கத் தண்ணீர் மூன்று மைல் தள்ளியிருந்த நார்த் பிளாட் ஆற்றிலிருந்து வண்டியில் வர வேண்டும், பீப்பாய் ஒரு டாலர். தண்டவாளம் தாண்டிப் போனதும் மூன்றே மாதத்தில் ஊர் காலி.

ஷையெனிலும் கூட்டம் கலையத்தான் செய்தது, 1870 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 1,450 பேர். ஆனாலும் ஊர் நின்றது. அதற்குக் காரணம் மலை. அங்கிருந்து மேற்கே 30 மைல் சொச்சத்தில் 2,000 அடிக்கு மேல் ஏறி 8,247 அடி உயர ஷெர்மன் உச்சியைக் கடக்க வேண்டும். நீராவி இன்ஜினுக்கு அது லேசான ஏற்றமில்லை. அடிவாரத்தில் கூடுதல் இன்ஜின், தண்ணீர், நிலக்கரி, பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் வேண்டும், அப்புறம் அவற்றில் வேலை செய்ய நிரந்தர ஆட்களும் வேண்டும். சம்பளக்காரன் இருக்கும் ஊரில் மளிகைக் கடையும் இருக்கும். பக்கத்தில் ராணுவக் கோட்டை வேறு.

கேள்வி: அப்படியானால் ரயில் விட்டுப்போன ஊர்களின் கதி? (அதே வாசகர்)

பதில்: கொலராடோவில் உள்ள டென்வரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாதை அதைத் தொடாமல் நூறு மைல் வடக்கே ஷையென் வழியாகப் போய்விட்டது. டென்வர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, தாங்களே ஒரு கம்பெனி தொடங்கி ஷையென் வரை பாதை போட்டு 1870 ஜூனில் ரயிலை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். 1860-இல் 4,749 ஆக இருந்த மக்கள்தொகை, பத்து வருடம் கழித்தும் 4,759 தான். பத்தே பேர் கூடியிருக்கிறார்கள்! ரயில் வந்த பிறகு, 1880-இல் 35,629. அதே வருடம் ஷையெனில் மூவாயிரத்துச் சொச்சம்.